உரிமை என்ன ரேஷன் கார்டா? (1976 தீர்ப்பு பற்றி ஒரு சந்தேகம்)

தறிச்சத்தம் | ஞாயிறு, இரவு 9:40

வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மதியம் கறிச்சோறு முடிந்து எல்லாரும் திண்ணையில் சாய்ந்திருந்தோம். அவள் மட்டும் மடியில் புத்தகத்தை வைத்து எதையோ அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அப்பா, எமர்ஜென்சி சமயத்தில் ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் யாரையாவது கொன்றால்கூட கோர்ட்டுக்குப் போக வழியில்லை என்று அரசு வக்கீலே உச்ச நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டாராம்" என்றாள்.

என் மச்சான் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "இதில் என்ன ஆச்சரியம்? உரிமையைக் கொடுத்தது யார், கவர்மெண்ட். கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கொண்டான். ரேஷன் கார்டு மாதிரிதான். கார்டு இருந்தால் அரிசி, ரத்தாகிவிட்டால் இல்லை."

மகள் கத்தினாள், மச்சான் சிரித்தார், நான் நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது தப்பு என்று தெரிகிறது, ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிற உரிமை அரசாங்கம் கொடுத்ததா? இல்லை என்றால் அது எங்கே எழுதியிருக்கிறது? பெரிய பெரிய மேற்கோள் வேண்டாம். மச்சானிடம் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்.

கீழ்க்கோர்ட்டு | ஞாயிறு, இரவு 10:15

மச்சானுக்கு முதல் பதில்: ரேஷன் கார்டைக்கூட நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். இதற்குக் கோர்ட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயரே 'இயற்கை நீதி'. அவர் சொன்ன உதாரணமே அவர் காலை வாருகிறது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனம். இரண்டு நாள் கழித்து, ஜூன் 27 அன்று, அரசமைப்பின் 359ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை போட்டார். 14, 21, 22 ஆகிய பிரிவுகளை அமல்படுத்தச் சொல்லி யாரும் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. 21 என்பது உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான பிரிவு. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் உள்ளே போனவர்களுக்கு ஏன் போனோம் என்ற காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தையும் திருத்திவிட்டார்கள்.

உள்ளே இருந்தவர்கள் பல உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அவற்றில் பல, "சட்டப்படிதான் பிடித்தீர்களா என்று பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு இருக்கிறது" என்றன. அரசு மேல்முறையீடு செய்தது. அதுதான் ஜபல்பூர் வழக்கு. ஐந்து நீதிபதிகள்: ஏ.என். ரே, எச்.ஆர். கன்னா, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி.

அரசின் வாதம் ரொம்ப நேரானது. உயிருக்கான உரிமை குடியிருக்கும் ஒரே வீடு 21ஆவது பிரிவு, அந்த வீட்டைப் பூட்டியாகிவிட்டது, ஆகவே உரிமையே இல்லை. கன்னா குறுக்கே கேட்டதுதான் உங்கள் மகள் படித்தது. போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால் என்ன பரிகாரம்? அட்டர்னி ஜெனரல் நிரேன் டே, நெருக்கடி நிலை இருக்கும்வரை பரிகாரம் இல்லை என்றார். தன் மனசாட்சியையே அது உலுக்குகிறது என்றும் சொன்னார். ஆனால் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

1976 ஏப்ரல் 28, தீர்ப்பு. நாலுக்கு ஒன்று. அந்த ஒருவர் கன்னா.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:52

நான் மச்சான் கட்சி.

பிறக்கும்போதே வருகிற இயற்கை உரிமை என்கிறார்களே, அந்த இயற்கையிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். மானுக்கு ஏதாவது உரிமை இருப்பதாகப் புலிக்குத் தெரியுமா? இங்கிலாந்துக்காரர் பெந்தாம் இதைப் பொய்க்கால் மேல் ஏறி நின்ற உளறல் என்றார். சரியாகத்தான் சொன்னார். பரிகாரம் இல்லாத உரிமை செல்லாத நோட்டு. பையில் இருக்கும், கடையில் வாங்கமாட்டான்.

இன்னொன்று. இயற்கை உரிமைக்குக் குருநாதர் என்று எல்லாரும் தத்துவஞானி ஜான் லாக்கைக் காட்டுகிறார்கள். அவர் பட்டியலில் உயிர், சுதந்திரம், அப்புறம் சொத்து. நம் ஊரில் ஜமீன் ஒழிப்பு வந்தபோது ஜமீன்தார்கள் கோர்ட்டில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்? சொத்துரிமையை. அதை உடைக்கத்தானே 1951இல் முதல் திருத்தத்தோடு, சட்டங்களைக் கோர்ட்டு தொடாமல் காக்க ஒன்பதாவது அட்டவணை வந்தது? 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே தூக்கி 300ஏ என்ற மூலையில் போட்டது. இயற்கையாக வந்தது என்றால் எப்படித் தூக்க முடிந்தது? யார் சண்டையில் ஜெயிக்கிறார்களோ அவர்கள் விருப்பத்துக்கு 'இயற்கை' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய பேப்பர் | ஞாயிறு, இரவு 11:20

செல்லாத நோட்டு என்று சொல்வது சுலபம். நான் அப்போது சென்னையில் கல்லூரி மாணவன்.

1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த ஓரிரு நாளில் கட்சிக்காரர்கள் மிசாவில் சென்னை மத்தியச் சிறைக்குப் போனார்கள். பிப்ரவரி 2 இரவு அங்கே அவர்களுக்கு விழுந்த அடியைப் பற்றி வெளியே ஒரு வரி வரவில்லை, தணிக்கை. அடிபட்டவர்களில் ஒருவர் முன்னாள் மேயர் சிட்டிபாபு. 1977 ஜனவரியில் இறந்தார். எமர்ஜென்சி போன பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் உட்கார்ந்துதான் அந்த இரவு காகிதத்தில் ஏறியது.

இதை ஏன் சொல்கிறேன்? ஜபல்பூர் தீர்ப்பில் நீதிபதி பெக் என்ன எழுதினார் தெரியுமா? தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு, அரசு அவர்கள்மேல் காட்டும் அக்கறை கிட்டத்தட்டத் தாய்மைக்குச் சமம் என்று. நம் சிறையில் தடியடி விழுந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே கதவு ஆட்கொணர்வு மனு, அதைத்தான் அந்த நாலு பேரும் சாத்தினார்கள்.

கணக்குப்பிள்ளை ஐயா கேட்கிற பரிகாரம் இதுதான். அடி விழுகிறது என்று சொல்ல ஓர் இடம்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11:31

கதவு இருந்தால்தான் உரிமை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கதவு அரசாங்கம் போட்டது. நான் வேறு என்ன சொன்னேன்?

நடுச்சாமம் | திங்கள், அதிகாலை 12:44

ரேஷன் கார்டு அரிசிக்குத்தான், பசிக்கு இல்லை. கார்டை ரத்து செய்தால் அரிசி நிற்கும், பசி நிற்காது.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 6:10

ஸ்டேட்டஸில் போடலாம். கோர்ட்டில் போட முடியாது.

கீழ்க்கோர்ட்டு | திங்கள், காலை 7:05

கோர்ட்டிலேயே போட்டார்களே! கன்னா எழுதியதன் சாரமே நடுச்சாமம் சொன்னதுதான், வேறு வார்த்தையில்.

அவர் வானத்தைக் காட்டவில்லை, கணக்குப்பிள்ளை. தேதியைக் காட்டினார். அரசமைப்பு வந்தது 1950 ஜனவரி 26. ஜனவரி 25 அன்று ஒரு கலெக்டர் சட்டத்தின் துணை இல்லாமல் உங்களைப் பிடித்து அறையில் பூட்ட முடிந்ததா? முடியாது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்திலேயே கொலை கொலைதான், சட்டவிரோதக் காவல் குற்றம்தான். ஆக, சட்ட அதிகாரம் இல்லாமல் யார் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது 21ஆவது பிரிவு வருவதற்கு முன்பே இருந்தது. அதை எடுத்து அரசமைப்பில் எழுதினார்கள். எழுதி வைத்ததால், எழுத்தை நிறுத்தும்போது பொருளும் மறைந்துவிடும் என்றால், அரசமைப்பு எழுதியதால் நாம் நஷ்டப்பட்டோம் என்று ஆகும். வீட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்தேன், பதிவு அலுவலகம் ஒரு வாரம் மூடிக் கிடந்தது, ஆகவே அந்த வாரம் என் வீட்டில் யார் வேண்டுமானாலும் புகலாம் என்பது மாதிரி.

கவனியுங்கள், அவர் 'எந்தச் சட்டமும் என்னைத் தொடக்கூடாது' என்று சொல்லவில்லை. 'தொடுகிறவன் சட்டத்தைக் காட்டு' என்றார். காகிதம் காட்ட வேண்டியது யார் என்பதுதான் மொத்தச் சண்டையும். மச்சான் கணக்கில் குடிமகன் கார்டைக் காட்ட வேண்டும். கன்னா கணக்கில் அதிகாரி காட்ட வேண்டும்.

கன்னாவுக்கு என்ன கிடைத்தது என்பதும் சொல்ல வேண்டும். 1977 ஜனவரியில் மூப்புப்படி அவர்தான் தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டும். தாய்மை என்று எழுதிய பெக் ஆனார். கன்னா ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

தறிச்சத்தம் | திங்கள், காலை 8:30

பத்திரப் பதிவு உதாரணம் நல்லா இருக்கு சார். மச்சான் ரியல் எஸ்டேட் தரகர், அவருக்கு இது உறைக்கும்.

ஊர்க்கோடி | திங்கள், மதியம் 1:15

நீங்கள் எல்லாரும் அரசாங்கத்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அரசாங்கம் வருவதற்கு முன்னால் ஊர் இருந்தது.

என் அப்பா சின்ன வயதில் டீக்கடையில் உட்கார முடியாது. தனிக் குவளை, கொட்டகைக்கு வெளியே ஓலையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருக வேண்டும். அது அரசாங்க உத்தரவு இல்லை. கலெக்டர் கையெழுத்து இல்லை. அந்த ஊரில் அதுதான் 'இயற்கை'. பிறப்பிலேயே வந்தது என்றுதான் சொன்னார்கள், உங்கள் இயற்கை உரிமை மாதிரியே!

அதை உடைத்தது எது? தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு, அதன் பின்னால் வந்த சட்டம், அதன் பின்னால் வந்த ஜீப். அம்பேத்கர் அரசமைப்பை வெறும் அரசாங்கத்துக்கு எதிரான வேலியாக எழுதவில்லை. 17 பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிராகவும் செல்லும். அதனால் 'அரசு அதிகாரத்துக்கு வரம்பு' என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் தெருவில் முதலில் கேட்கிற கேள்வி: வரம்பு போட்ட பிறகு மிச்ச இடம் யார் கைக்குப் போகும்?

அதே சமயம் அந்த ஜீப் எங்கள் பையன்களைத்தான் முதலில் ஏற்றுகிறது என்பதும் தெரியும். எனக்கு இரண்டும் வேண்டும். ஜீப் வர வேண்டும், வந்தால் காகிதத்தோடு வர வேண்டும்.

பழைய பேப்பர் | திங்கள், மதியம் 2:02

ஊர்க்கோடி தம்பி, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்குப் புதிது. சொத்துரிமையைப் பற்றிக் கணக்குப்பிள்ளை சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிறகு எழுதுகிறேன், பேரன் ஸ்கூல் வேன் வந்துவிட்டது.

லத்தி_ஓய்வு | திங்கள், மாலை 6:48

முப்பத்தொரு வருஷம் காவல்துறையில் இருந்தேன், தலைமைக் காவலராக ஓய்வு. எல்லாரும் ஒரு பக்கமே பேசுவதால் எழுதுகிறேன்.

1976ஐ நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குண்டர் சட்டம் ஏன் வந்தது என்று யாராவது யோசித்தீர்களா? ஒரு கட்டப்பஞ்சாயத்து ஆள். ஒன்பது வழக்கு. ஒவ்வொரு முறையும் இருபது நாளில் ஜாமீனில் வெளியே வருவான். வந்த அன்று சாயங்காலம் சாட்சி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பான். ஒன்றும் பேசமாட்டான், அடித்துவிட்டுப் போய்விடுவான். மறுநாள் சாட்சி 'எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை ஐயா' என்பார். அந்தச் சாட்சிக்கும் இயற்கை உரிமை உண்டா இல்லையா? நிம்மதியாகத் தூங்குகிற உரிமை? அவரை யார் கேட்கிறீர்கள்?

அவனைக் குண்டாஸில் போட்டால் அந்தத் தெரு ஒரு வருஷம் மூச்சு விடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செல்வி_தையல் | திங்கள், இரவு 8:20

லத்தி ஐயா, நீங்கள் சொல்கிற ஆள் மாதிரி ஒருவன் எங்கள் ஏரியாவிலும் இருந்தான். அவனைப் போட்டபோது நானும் நல்லது என்றுதான் சொன்னேன்.

இப்போது என் தம்பி உள்ளே இருக்கிறான். நாலு மாதம் முடியப்போகிறது. ஊர், ஸ்டேஷன் எதுவும் சொல்லவில்லை, கேஸ் நடக்கிறது. கோவில் திருவிழாவில் இரண்டு கோஷ்டிக்கு அடிதடி. இவன் ஒரு கோஷ்டி. அடித்தானா என்றால் அடித்தான், நான் மறைக்கவில்லை. அதற்குக் கேஸ் போட்டார்கள், ரிமாண்ட் ஆனான், ஜாமீன் மனு போட்டோம். அது வருவதற்குள் குண்டாஸ் ஆர்டர் ஜெயிலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. முன்னால் ஒரே ஒரு வழக்கு, அதுவும் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதற்கு.

ஆர்டரோடு ஒரு புக்லெட் கொடுக்கிறார்கள். நூற்று எண்பத்தி சொச்சம் பக்கம். நான் தையல் மிஷின் மேல் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நடுவில் நாலைந்து பக்கம் ஒரே கறுப்பு, ஜெராக்ஸ் மையை அப்படியே ஊற்றின மாதிரி. இன்னும் சில பக்கம் இங்கிலீஷில். என் தம்பி எட்டாவது ஃபெயில். கடைசிப் பக்கத்தில் 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்று அவன் கையெழுத்து. மனு போட்டுப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டான், 'அக்கா, நான் என்ன பண்ணிடுவேன்னு உள்ள வெச்சிருக்காங்க?' பண்ணினதற்கு இல்லையாம், பண்ணப்போவதற்காம். இதற்கு என்ன பதில் சொல்வது?

கீழ்க்கோர்ட்டு | திங்கள், இரவு 9:35

செல்வி அக்கா, உங்கள் தம்பி கேட்ட கேள்வியை 1950இல் ஏ.கே. கோபாலன் கேட்டார். கம்யூனிஸ்ட் தலைவர், சென்னை மாகாணச் சிறையிலிருந்து. குடியரசு ஆகி நாலு மாதம்கூட ஆகவில்லை. 'சட்டம் வகுத்த நடைமுறை இருக்கிறது, அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்கமாட்டோம்' என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லிவிட்டது. அந்த நிலை மாற 1978 வரை, மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிய வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்கள்.

ஆனால் ஒரு கசப்பான விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பதை நம் அரசமைப்பே அனுமதிக்கிறது. 22ஆவது பிரிவு. அமைதிக் காலத்திலும். அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! கைதானவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொல்லும் அதே பிரிவு, தடுப்புக் காவல் கைதிக்கு அது இல்லை என்கிறது. நம் மாநிலத்தின் 1982ஆம் வருஷத்து 14ஆம் சட்டம், எல்லாரும் குண்டாஸ் என்பது, அதன் மேல்தான் நிற்கிறது. நகரத்தில் போலீஸ் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் ஆணை போடுகிறார். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். பிறகு, காவலுக்குக் காரணம் போதுமா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம். அங்கே வக்கீல் வரக் கூடாது, உறவினரோ நண்பரோ கூட நிற்கலாம். அதிகபட்சம் 12 மாதம்.

லத்தி ஐயாவுக்கு: அந்த ஹாரன் அடிப்பவன் கதை உண்மை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போடவும் சட்டத்தில் வழி இருக்கிறதே, எத்தனை முறை போட்டீர்கள்? 2011இல் ரேகா என்பவர் தொடர்ந்த வழக்கு, நம் மாநில வழக்குதான், உச்ச நீதிமன்றம் போனது. காலாவதி மருந்துக்கு லேபிள் மாற்றி விற்றதாகக் குற்றச்சாட்டு. சாதாரணச் சட்டமே போதும் என்னும்போது தடுப்புக் காவலைத் தொடக் கூடாது என்று சொல்லி ஆணையை ரத்து செய்தார்கள். அதற்கும் முன்னால், 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதயதுல்லா மூன்று வட்டம் போட்டுக் காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது அமைதி, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இரண்டு குடிகாரர்கள் தெருவில் அடித்துக்கொள்வது வெளி வட்டம். இப்போது திருவிழா அடிதடியை எல்லாம் இரண்டாம் வட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

லத்தி_ஓய்வு | திங்கள், இரவு 10:10

ஜாமீன் ரத்து மனு போட்டால் நடக்க மாதக்கணக்கு ஆகும். குண்டாஸ் ஃபைல் பத்து நாளில் முடியும். மேலே இருந்து 'இந்த மாதம் எத்தனை' என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன், போதுமா?

அந்தக் கறுப்புப் பக்கம், நாங்கள் வேண்டுமென்று செய்வதில்லை அம்மா. நாலு செட் ஜெராக்ஸ் எடுக்க ஒரே ஓட்டை மிஷின். ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்திருப்பான்.

நடுச்சாமம் | திங்கள், இரவு 10:14

நாட்டின் சுதந்திரம் ஜெராக்ஸ் மிஷினில் டோனர் இருப்பதைப் பொறுத்தது. குறித்துக்கொள்கிறேன்.

கீழ்க்கோர்ட்டு | திங்கள், இரவு 10:40

சிரிக்கிறீர்கள், ஆனால் அதுதான் நிஜம். நாங்கள் உயர் நீதிமன்றத்தில் எச்.சி.பி., அதாவது ஆட்கொணர்வு மனு, போடும்போது 'இயற்கை உரிமை' என்ற வார்த்தையே வாயில் வராது. 'புக்லெட் பக்கம் இத்தனை படிக்க முடியவில்லை', 'ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை', 'குடும்பம் அனுப்பிய மனுவை இத்தனை நாள் பார்க்காமல் வைத்திருந்தார்கள்'. இதற்குத்தான் ஆணைகள் உடைகின்றன. எதற்கு உள்ளே வைக்கிறாய் என்று புரியும்படி சொல்லாவிட்டால், அவன் எப்படிப் பதில் சொல்வான் என்பதுதான் உள்ளே இருக்கிற தர்க்கம்.

குறை என்னவென்றால், என் அனுபவத்தில் மனு விசாரணைக்கு வருவதற்குள்ளேயே ஆறு மாதம், எட்டு மாதம் ஓடிவிடுகிறது. 'குண்டாஸ் உடைந்தது' என்று சந்தோஷப்படுவோம். போன மாதங்களுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 6:25

இரவெல்லாம் செல்வி அம்மா எழுதியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கட்சியை மாற்றவில்லை, ஆனால் ஓர் இடத்தில் இடறுகிறது. அவர் தம்பி 'என்ன பண்ணிடுவேன்னு வெச்சிருக்காங்க' என்று கேட்டபோது அவருக்கு 22ஆவது பிரிவும் தெரியாது, லாக்கும் தெரியாது. காரணம் சொல்ல வேண்டியவன் எதிரே இருக்கிறான் என்பது மட்டும் அவருக்கு எப்படித் தெரிந்தது?

பரிகாரம் இல்லாவிட்டால் உரிமை இல்லை என்று இப்போதும் சொல்வேன். பரிகாரம் இல்லாதபோது மனிதன் எதைத் தொலைத்ததாக நினைக்கிறான் என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

பழைய பேப்பர் | செவ்வாய், காலை 9:50

கணக்குப்பிள்ளை, கேரளத்து ராஜன் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர். 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். ஓராண்டு முழுக்க அமைச்சர்கள், அதிகாரிகள் என்று வாசல் வாசலாக அலைந்தார், கடிதம் மேல் கடிதமாக எழுதினார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியதும் அதே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். மகன் கக்கயம் போலீஸ் முகாமிலேயே செத்துப்போயிருந்தான். உடல் கிடைக்கவே இல்லை. ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார்.

அந்த ஓராண்டில் அந்த அப்பாவிடம் 'உமக்குக் கேட்கும் உரிமை இப்போது கிடையாது' என்று சட்டப்படி சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

நேற்று சொல்ல வந்தது: சொத்தையும் உயிரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சொத்துரிமையைக் கீழே இறக்கிய அதே 44ஆவது திருத்தம்தான் இன்னொன்றையும் செய்தது. இனி எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21 இரண்டையும் நிறுத்திவைக்க முடியாது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சாக்கையும் எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றினார்கள். ஒன்றைப் பிடுங்க முடியும், இன்னொன்றைப் பிடுங்கவே கூடாது என்று அடிபட்ட தலைமுறை உட்கார்ந்து பிரித்து வைத்தது.

தறிச்சத்தம் | செவ்வாய், மதியம் 12:30

மகளிடம் காட்டினேன். அவள் ஒன்று சேர்க்கச் சொன்னாள். 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு, அந்தரங்க உரிமை பற்றியது, ஒன்பது நீதிபதிகள். அதில்தான் ஜபல்பூர் தீர்ப்பு செல்லாது என்று எழுதி முடித்தார்களாம். உயிரும் சுதந்திரமும் அரசு கொடுத்த தானம் இல்லை, அரசமைப்பும் அதை உருவாக்கவில்லை என்று. எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976இல் மற்றப் பக்கம் நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்!

நாற்பத்தோரு வருஷம். அப்பா போட்ட முடிச்சை மகன் அவிழ்க்க.

கீழ்க்கோர்ட்டு | செவ்வாய், மதியம் 1:05

மகள் நன்றாகப் படிக்கிறாள். பகவதியும் பின்னாளில் அந்தத் தீர்ப்புக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். ஆனால் 2017 தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது 22ஆவது பிரிவைத் தொடவில்லை. செல்வி அக்காவின் தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

தறிச்சத்தம் | செவ்வாய், இரவு 9:15

மச்சான் வந்திருந்தார். பத்திரப் பதிவு உதாரணத்தை எடுத்து விட்டேன். 'அது வேற, இது வேற' என்றார். எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். 'மாமா, போன வருஷம் உங்க வீட்டு முன்னாடி சிலாப்பை இடிக்க ஆள் வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?' எனக்கே மறந்துபோயிருந்தது. சாக்கடை அகலப்படுத்துகிறோம் என்று ஜேசிபியோடு வந்தார்கள். மச்சான் பனியனோடு ஓடிப்போய் ஜேசிபி வாய்க்கு முன்னால் நின்றார். 'எவன் உத்தரவு? நோட்டீஸ் எங்கே? காகிதத்தைக் காட்டு, அப்புறம் கையை வை!' தெருவே கூடிவிட்டது. அவர்களிடம் காகிதம் இல்லை, திரும்பிப் போனார்கள்.

'அப்போ எந்தப் பிரிவு மாமா சொன்னீங்க?' என்றாள்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அந்தச் சிலாப் நான் என் காசில் போட்டது' என்றார். காபியை முழுக்கக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

ஊர்க்கோடி | செவ்வாய், இரவு 9:40

சிலாப் சாக்கடைப் புறம்போக்கில் இருந்ததா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

தறிச்சத்தம் | செவ்வாய், இரவு 9:44

இருந்தது. அரை அடி.

லத்தி_ஓய்வு | செவ்வாய், இரவு 9:51

நினைத்தேன்.

கீழ்க்கோர்ட்டு | செவ்வாய், இரவு 10:05

புறம்போக்காக இருந்தாலும் நோட்டீஸ் வேண்டும். சரி, அது இருக்கட்டும். செல்வி அக்கா, வேலையைப் பார்ப்போம். தம்பிக்காக அரசுக்கு ஏதாவது மனு அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் என்ன தேதி? அது அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து, சனி ஞாயிறும் அரசு விடுமுறையும் கழித்து, எத்தனை நாள் யார் மேஜையில் சும்மா கிடந்தது என்று கோர்ட்டில் கணக்குக் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் அதுவே போதும். உங்கள் வக்கீலிடம் கறுப்புப் பக்க எண்களையும் தனியாக எழுதிக் கொடுங்கள். நீங்கள் புரட்டின அதே புக்லெட், ஒரு பக்கம்கூடக் கழற்ற வேண்டாம், பின் அடித்தது அடித்தபடி.

செல்வி_தையல் | செவ்வாய், இரவு 10:30

அம்மா பேரில் பதிவுத் தபாலில் அனுப்பினோம் சார். போஸ்ட் ஆபீஸ் ரசீதும் திரும்பி வந்த அட்டையும் இருக்கு. அட்டையில் சீல் கொஞ்சம் மங்கல், ஆனால் தேதி தெரிகிறது. பீரோவில் அம்மா புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வக்கீல் ஆபீசில் கொடுத்துவிடுகிறேன்.